மீண்டும் உண்ணத் தொடங்கும் வாரங்கள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பவற்றில் அறுவையைப் பற்றிய கேள்விகள் குறைவு. எப்போது முட்டை சாப்பிடலாம், எப்போது சோறு, எப்போது ரொட்டி, வீட்டில் மற்றவர்கள் உண்பதையே நானும் எப்போது உண்ணலாம் என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தாம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கப்படும் உணவு அட்டவணையும் வாரக் கணக்கில் அவற்றுக்கு விடை சொல்வது போலவே இருக்கும். ஆனால் அந்த அட்டவணையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை விளக்கிச் சொல்பவர்கள் அரிது. அதில் எழுதியிருக்கும் வாரம், 'இதற்கு முன்னர் கூடாது' என்பதற்கான எல்லை மட்டுமே. அந்த வாரம் பிறந்தவுடன் அந்த உணவு உடலுக்கு ஒத்துக்கொள்ளும் என்ற உறுதியை அது தருவதில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருந்தால், அந்த வாரங்களில் நேரும் பதற்றத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குச் செய்யப்பட்டது ஸ்லீவ் அறுவை. அதில் இரைப்பையின் வெளிவளைவு நெடுக ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி அகற்றி, எஞ்சியதைக் குறுகிய குழாய் வடிவில் ஸ்டேபிள் எனப்படும் சிறு உலோகக் கொக்கிகளால் தைத்து மூடிவிடுகிறார்கள். அதே காலத்தில் பைபாஸ் செய்துகொண்ட என் தோழிக்கு, இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு பையைப் பிரித்தெடுத்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்தார்கள். எங்கள் இருவருக்கும் தரப்பட்ட உணவுத் தாள்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எனினும் எனக்கு எளிதாக இறங்கிய உணவு அவளுக்கு நெஞ்சில் நின்றது. அவள் முதல் நாளிலேயே உண்ட ஒன்றை நான் பல வாரம் ஒத்திவைக்க வேண்டியிருந்தது. ஒரே அறுவையைச் செய்துகொண்ட இருவருக்கிடையிலும்கூட இத்தகைய வேறுபாடு இருக்கும் என்று எங்கள் உணவியல் நிபுணர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை இதுதான்: முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த திரவங்கள், அடுத்து இரண்டாம் வாரத்தின் முடிவு வரை பால், வடிகட்டிய சூப், புரதப் பானம் போன்ற கெட்டியான திரவங்கள், மூன்றாம், நான்காம் வாரங்களில் கட்டியில்லாமல் அரைத்த கூழ், ஐந்தாம், ஆறாம் வாரங்களில் முள்கரண்டியால் அழுத்தினாலே நசுங்கும் மென்மையான உணவு, ஆறு முதல் எட்டாம் வாரத்துக்குப் பின் படிப்படியாக வழக்கமான உணவு. சில மருத்துவமனைகள் இதைவிட விரைவாகவும் சில மெதுவாகவும் கொண்டு செல்கின்றன. எனவே இங்கே நான் எழுதியிருப்பதைவிட உங்கள் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த தாளே உங்களுக்குப் பொருந்தும்.

இந்த வரிசைக்கு அடிப்படைக் காரணம் தையல். முதல் நாட்களில் வெட்டப்பட்ட விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ஸ்டேபிள்கள் மட்டுமே. புதிய இழைகள் உருவாகித் திசு தன் சொந்த வலிமையைப் பெறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. அறுவையால் ஏற்பட்ட வீக்கமும் ஏற்கெனவே குறுகிய வழியை மேலும் குறுக்கிவிடுகிறது. அதிலும் ஸ்லீவ் இரைப்பையின் கீழ்வாயில் இயல்பான அடைப்புத் தசை அப்படியே இருப்பதால், குறுகிய குழாய்க்குள் சிறிதளவு உணவு அதிகமாகச் சென்றாலும் உள்ளழுத்தம் கணிசமாக உயர்கிறது. கட்டியான உணவு அடைத்து வாந்தி வந்தால் அந்த அழுத்தம் முழுவதும் ஆறிக்கொண்டிருக்கும் தையல்மீதே விழும். வெளியே தோலில் உள்ள சிறு துளைகள் ஆறிவிட்டதையும் வலி இல்லாததையும் பார்த்து, உள்ளேயும் எல்லாம் ஆறிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. திரவ உணவு எடையை விரைவாகக் குறைப்பதற்காகவே விதிக்கப்படுகிறது என்று நினைப்பவர்கள், நன்றாக இருப்பதாக உணரும் நாளிலேயே அதை விட்டுவிட முற்படுகிறார்கள். ஆறுவதற்கான அவகாசம் என்று புரிந்துகொண்டால் யாரும் அப்படி அவசரப்பட மாட்டார்கள்.

திரவ நாட்களில் மிகக் கடினமாக இருந்தது பசி அல்ல, தண்ணீர். ஒரு நாளில் குறைந்தது ஒன்றரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும்; ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மிடறுக்கு மேல் இறங்காது. வெறும் தண்ணீர் கனமாகவும் மார்புக்குள் தங்குவது போலவும் இருந்தது. குளிர்ந்த நீரைவிட வெதுவெதுப்பான நீர் எனக்கு எளிதாக இறங்கியது. தோழிக்கோ பனிக்கட்டித் துண்டுகளை வாயில் கரைய விடுவதே ஏற்றதாக இருந்தது. அறுவைக்குப் பின் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதற்கான பொதுவான காரணங்களில் நீரிழப்பும் ஒன்று என்பதால், கையெட்டும் இடத்தில் குவளையை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பருகிக்கொண்டே இருப்பது ஒரு முழுநேர வேலையாகவே ஆகிவிடுகிறது. சிறுநீரின் நிறம் அடர்ந்தாலோ எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ பருகுவது போதவில்லை என்று பொருள். வாயுவேற்றிய பானங்கள் இந்த நாட்களில் கூடாது. உறிஞ்சுகுழலும் காற்றை உள்ளே இழுத்து விடுவதால் பல இடங்களில் வேண்டாம் என்கிறார்கள்.

அடுத்தது புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்பதே பெரும்பாலான உணவியல் நிபுணர்கள் கூறும் அளவு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம்தான் உள்ளது. ஒரு வேளைக்கு நான்கைந்து கரண்டி மட்டுமே கொள்ளும் இரைப்பையை வைத்துக்கொண்டு, வெறும் உணவால் இந்த அளவை முதல் வாரங்களில் எட்டுவது நடவாத காரியம் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதனால்தான் புரதத் தூள் பரிந்துரைக்கப்படுகிறது. புரதம் போதாதபோது உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கிறது. புண் ஆறுவதும் தாமதமாகிறது. அறுவைக்கு முன் இரண்டு மூன்று வகைத் தூள்களைச் சுவைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து வைத்தவர்களும் அறுவைக்குப் பின் அதன் இனிப்பைத் தாங்க முடியாமல் போவதுண்டு, ஏனெனில் பலருக்குச் சுவையுணர்வே மாறிவிடுகிறது. இனிப்பில்லாத, மணமில்லாத தூளைச் சூப்பில் கலந்துகொள்வது எனக்குக் கைகொடுத்தது. சூப்பு கொதிக்கும்போது தூளைப் போட்டால் திரிந்து கட்டியாகிவிடும். சற்று ஆறிய பிறகே கலக்க வேண்டும்.

கூழ் நிலைக்கு வரும்போது கவனிக்க வேண்டியது உணவின் பெயரைவிட அதன் பதம். தயிர், நன்றாக வேகவைத்து அரைத்த பருப்பு, எலும்பும் முள்ளும் நீக்கி அரைத்த மீன், மசித்த காய் என எதுவாயினும், கரண்டியிலிருந்து வழுக்கி விழும் அளவுக்கு நெகிழ்ந்தும் ஒரு சிறு கட்டிகூட இல்லாமலும் இருக்க வேண்டும். அதே பருப்பு, அரைத்து நேரமாகி இறுகிவிட்டால், அது வேறு உணவாகிவிடுகிறது. முட்டையிலும் இதைப் பார்த்தேன்: ஈரப்பதத்தோடு மெதுவாகக் கிளறிய முட்டை இறங்கிய அதே வாரத்தில், சற்றுக் கூடுதலாக வெந்து ரப்பராகிப்போன முட்டை இறங்க மறுத்தது. ஆகவே 'முட்டை ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதிவைப்பதைவிட, எப்படிச் சமைத்த முட்டை, எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் உண்டது என்றெல்லாம் சேர்த்து எழுதிவைப்பது பயன் தரும். ஒரு நாளில் ஒரு புதிய உணவு மட்டும், அதுவும் ஓரிரு கரண்டி மட்டும் என்று வைத்துக்கொண்டால், எது தொல்லை கொடுத்தது என்பதில் ஐயம் எழாது. இரவில் புதிய உணவைத் தொடங்காமல் பகலில் தொடங்குவதும் நல்லது. ஏதேனும் ஆனால் பார்த்துக்கொள்ள ஆளும் நேரமும் இருக்கும்.

இந்த வாரங்களில் கற்க வேண்டியவற்றுள் மிக முக்கியமானது எங்கே நிறுத்துவது என்பதுதான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். பழைய இரைப்பை நிறைந்தால் வயிற்றில் ஒரு நிறைவு தெரியும். அது வருவதற்குள் நாம் தேவையைவிட அதிகமாகவே உண்டிருப்போம். புதிய இரைப்பையின் அறிகுறி வயிற்றில் தெரிவதில்லை. நெஞ்செலும்புக்குக் கீழே மெல்லிய இறுக்கமாக அது வருகிறது. சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு ஒரு தும்மல், சிலருக்குத் திடீரென மூக்கில் நீர் ஒழுகுவது என்று ஆளுக்கொரு விதமாக உடல் அறிவிக்கிறது. எனக்கு அது ஒற்றை விக்கலாக வந்தது. அந்த அறிகுறிக்குப் பின் வைக்கும் ஒரே ஒரு கரண்டி, இதமான நிறைவை வலியாக மாற்றிவிடக்கூடியது. அதைத் தாண்டினால் வாயில் எச்சில் பெருகும், நுரை போன்ற சளி மேலெழும், கடைசியில் உண்டது திரும்பி வரும். சிரமம் என்னவென்றால், அறுவையை ஒட்டிய நாட்களில் நரம்புகளும் வீக்கமும் இன்னும் சீராகாத நிலையில் இந்த அறிகுறி பலருக்குத் தெளிவாக வருவதே இல்லை. ஆகவே அந்த வாரங்களில் அறிகுறியை நம்பி உண்ணாமல், அளந்து வைத்த உணவை மட்டும் உண்டு, அறிகுறி தெளியத் தெளிய அதன் கையில் பொறுப்பை ஒப்படைப்பதே பாதுகாப்பான வழி.

சிறிய தட்டும் சிறிய கரண்டியும் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வாயையும் 20 முதல் 30 முறை மெல்லுங்கள், வாயில் வைத்தபின் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள் என்ற அறிவுரைகள் எல்லாத் தாள்களிலும் இருக்கும். இவை சடங்குகளாகத் தோன்றலாம். ஆனால் உணவு குறுகிய வழியைக் கடந்து போவதற்கும், அடுத்த வாய்க்கு இடம் இருக்கிறதா என்று உடல் சொல்வதற்கும் நேரம் வேண்டும்; அந்த நேரத்தை உண்டாக்கித் தருவதே இவற்றின் வேலை. ஒரு வேளை உணவு 20 முதல் 30 நிமிடம் நீடிக்கலாம். அதற்கு மேலும் தட்டில் மிச்சமிருந்தால் எடுத்து வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கொறித்துக்கொண்டே இருந்தால் அளவு தெரியாமல் கூடிவிடும். உணவோடு தண்ணீர் குடிப்பதில்லை, உண்ட பின் அரை மணி நேரம் வரை பருகுவதில்லை என்ற விதியைப் பழகிக்கொள்வதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. சாப்பாட்டுக்கு நடுவே குவளையை நோக்கிக் கை போவது அத்தனை ஆழமான பழக்கம் என்பது அப்போதுதான் தெரிகிறது. சாப்பிடும் மேசையில் குவளையை வைக்காமல் இருப்பதே எளிய தீர்வு.

மென்மையான உணவிலிருந்து வழக்கமான உணவுக்குப் போகும் வாரங்களில் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் ரொட்டி, சோறு, உலர்ந்த கோழி இறைச்சி, ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சி, நார் மிகுந்த காய்கள், பழத்தோல் ஆகியவை. இவற்றுக்கு ஒரே காரணம் இல்லை. மென்மையான புது ரொட்டி எச்சிலோடு சேர்ந்து பிசைந்த மாவாகித் திரண்டு வழியை அடைக்கிறது. அதனால்தான் நன்றாக வாட்டி மொறுமொறுப்பாக்கிய ரொட்டி பலருக்கு முதலில் ஒத்துக்கொள்கிறது. சோறு உள்ளே போனபின் ஈரத்தை இழுத்துப் பருமனாகிறது. சிவப்பு இறைச்சியின் நீண்ட நார்கள் எவ்வளவு மென்றாலும் முழுதாக அறுபடுவதில்லை. இரைப்பையின் பெரும்பகுதி நீங்கிய பிறகு, முன்பு அமிலமும் அரைப்பும் சேர்ந்து செய்த வேலையைப் பற்களே செய்ய வேண்டியிருக்கிறது. கோழியின் நெஞ்சுக்கறியைவிடக் குழம்பில் ஊறிய தொடைக்கறி முன்னதாக ஒத்துக்கொள்வதற்கு ஈரப்பசையே காரணம். மீண்டும் சூடுபடுத்திய இறைச்சி, அதே இறைச்சி அன்று சமைத்தபோது இறங்கியிருந்தாலும், உலர்ந்துவிடுவதால் சிக்கிக்கொள்ளும்.

பைபாஸ் செய்துகொண்டவர்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியது டம்பிங் என்று மருத்துவர்கள் கூறும் நிலை. சர்க்கரை செறிந்த உணவு இரைப்பையில் தங்காமல் நேராகச் சிறுகுடலில் கொட்டும்போது, குடல் தன்னைச் சுற்றியுள்ள நீரை உள்ளே இழுக்கிறது. உண்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, எழ முடியாத சோர்வு ஆகியவை வரலாம். உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குப் பின் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கம் வருவது இன்னொரு வகை. அது பெரும்பாலும் அறுவை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகே தலைகாட்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் டம்பிங் வரக்கூடும். பழச்சாறு, தேன், இனிப்பூட்டிய தயிர் ஆகியவற்றை 'மென்மையானவைதானே' என்று கூழ் நிலையில் சேர்ப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் பலருக்கு எடை இறங்குவது நின்றுவிடுகிறது. அப்போதுதான் புதிய உணவுகள் தொடங்கியிருக்கும் என்பதால், உணவின்மீது பழி விழுகிறது. சிலர் பயந்து மீண்டும் திரவத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். முதல் வாரங்களில் உடல், கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசையிலும் வைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பைக் கரைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால், அந்த வேகமான இறக்கத்தில் நீரின் பங்கு பெரிது. உணவு சற்றுக் கூடியதும் அச்சேமிப்பும் நீரும் ஓரளவு மீள்கின்றன. கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும் எடைப்பொறியின் முள் அசையாமல் நிற்கிறது. அந்த நாட்களில் எடைப்பொறியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

பசியும் இதுபோலவே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 1999-இல் கண்டறியப்பட்ட கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்புறத்தில் சுரப்பது. ஸ்லீவ் அறுவையில் அப்பகுதி நீங்கிவிடுவதால் முதல் வாரங்களில் பலர் பசியே அறியாமல் இருக்கிறார்கள். பிறகு வீக்கம் வடிந்து, உண்ணும் அளவு சற்றே கூடி, ஒரு நாள் வயிற்றில் பசி தெரியும்போது, 'இரைப்பை பெரிதாகிவிட்டது, அறுவை வீணாகிவிட்டது' என்று அஞ்சி அழுதவர்களை நான் அறிவேன். பசி மீள்வது உடல் தேறிவருவதன் அடையாளம். அச்சப்பட வேண்டியது வேறொன்று: பிஸ்கட், வறுவல், ஐஸ்கிரீம், சாக்லேட் போன்றவை நன்றாக மென்றதும் கரைந்து எந்தத் தடையும் இல்லாமல் இறங்கிவிடுகின்றன. கோழி இறைச்சி நெஞ்சில் நிற்கும் வாரத்தில் பிஸ்கட் சுகமாக இறங்கும்போது, 'எனக்கு இதுதான் ஒத்துக்கொள்கிறது' என்ற எண்ணம் இயல்பாகவே எழும். எளிதாக இறங்குவது என்பதை உடல் ஏற்றுக்கொள்வதன் அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன். பின்னாளில் எடை திரும்ப ஏறுவதற்கு வழி திறப்பவற்றுள் இந்தப் பழக்கமும் ஒன்று.

சத்து மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலவகை வைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவை வாழ்நாள் முழுவதற்குமானவை. உணவு நன்றாக உண்ணத் தொடங்கியதும் நிறுத்திவிடுபவை அல்ல. கால்சியத்தையும் இரும்பையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும். அமிலம் குறைந்த இரைப்பைக்குக் கால்சியம் சிட்ரேட் வகை ஏற்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, உணவு குறைந்த முதல் வாரத்திலேயே பழைய அளவு மிகையாகிவிடக்கூடும். அந்த அளவுகளை மருத்துவர் திரும்பப் பார்க்காமல் வீட்டில் தொடரக் கூடாது.

வாந்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளவே கூடாது. வேகமாக உண்டதால் ஒருமுறை வருவது வேறு. நாள்தோறும் தொடர்வதும், நேற்று இறங்கிய கூழ் இன்று இறங்காமல் போவதும், பிறகு திரவமும் நிற்காமல் போவதும் வேறு. இணைப்பு இடம் சுருங்கியிருக்கலாம். பைபாஸில் இது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தெரியவரும், வாய்வழியே செலுத்தும் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் வழியே பலூனால் விரித்துச் சரிசெய்ய முடியும். அதைவிட அவசரமானது தயமின் என்னும் பி1 வைட்டமின். உடலில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதுமானது. வாந்தி தொடர்ந்து அது தீர்ந்துபோனால் குழப்பம், நடையில் தள்ளாட்டம், பார்வைக் கோளாறு என்று மூளையைப் பாதிக்கிறது. தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் தரப்பட வேண்டும் என்பதால், எந்த மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல், இளைப்பாறும்போதும் குறையாத வேகமான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோளில் வலி ஆகியவை தையலில் கசிவு இருப்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். அவை வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

ஒத்துக்கொள்ளாத உணவைப் பற்றி இறுதியாக ஒன்று. ஒருமுறை திரும்பி வந்த உணவை வாழ்நாள் முழுவதற்கும் விலக்கிவிடுபவர்கள் பலர். அந்த அனுபவத்தின் அச்சம் எளிதில் போவதில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் மாதத்தில் மறுக்கப்பட்ட உணவு, இரண்டு மூன்று வாரம் கழித்து வேறு பதத்தில், இன்னும் சிறிய அளவில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எனக்கு மீன் எளிதாகவும் பருப்பு சற்றுத் தாமதமாகவும் திரும்பின. ரொட்டி பல மாதங்களுக்குப் பிறகே திரும்பியது, இப்போதும் வாட்டினால்தான் உண்கிறேன். பால் குடித்தால் வயிறு உப்புபவர்கள் தயிராக்கியோ லாக்டோஸ் நீக்கிய பாலாகவோ முயலலாம், ஏனெனில் அறுவைக்குப் பின் பலருக்குப் பால் சர்க்கரை செரிப்பது குறைகிறது. ஒரு தனி உணவு மறுக்கப்பட்டால் காத்திருக்கலாம். முட்டை, மீன், இறைச்சி, பருப்பு என்று புரதம் தரும் உணவுகள் வரிசையாக மறுக்கப்பட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உணவியல் நிபுணரை அழைத்து, எழுதிவைத்த குறிப்புகளை அவரிடம் படித்துக் காட்டுங்கள். எந்தப் பதத்தில், எந்த அளவில் தடை ஏற்படுகிறது என்பதை அவற்றைக் கொண்டுதான் அவரால் கண்டுபிடிக்க முடியும்.